பனிமலைக்குப் போகிறவர்கள் பிரெட் கவரைத் தூக்கி எறியாதீர்கள்

மணாலியிலிருந்து சோலாங் பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் சுற்றுலா போகிறீர்களா? பெட்டியில் ஆளுக்கு இரண்டு பெரிய பிரெட் கவர்களை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். சாக்ஸ் போட்டு, அதன்மேல் கவரை மாட்டி, பிறகு வாடகை பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை பூட்ஸ் காலையில் ஒருவர், மதியம் ஒருவர் என்று கைமாறும். உள்ளே ஈரம் காய நேரமே இருக்காது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், சாக்ஸ் நனைந்தால் விரல் சீக்கிரமே மரத்துவிடும். கவர் அந்த ஈரத்தைத் தடுக்கிறது. சாக்ஸ் பருத்தியாக இருக்க வேண்டாம், அது வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாது. கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. டிசம்பரில்கூட விசிறி ஓடும் வண்ணாரப்பேட்டைக்காரர்கள் கம்பளி சாக்ஸுக்கு எங்கே போவது என்றால், அங்கே துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் விசாரித்துப் பாருங்கள். சுற்றுலாத் தலத்தில் அவசரத்துக்கு வாங்குவதைவிடப் பேரம் பேச வசதி.

பூட்ஸ் ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். உண்மையான பனிச்சறுக்கு பூட்ஸுக்கும் இது ஆகாது, உள்ளே மடிப்பு விழுந்து காலை அறுக்கும். வேனுக்குத் திரும்பியதும் கவரைக் கழற்றிவிடுங்கள், உள்ளே வியர்வை தங்கும். கழற்றியதைப் பனியில் போடாமல் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.