ரூபிடியம் அணுக்களை லேசரால் குளிர்விக்கும் முறை

அறை வெப்பநிலையில் ரூபிடியம் அணு நொடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. எதிரே வரும் ஒரு ஃபோட்டானை அது உட்கவர்ந்தால் குறையும் வேகம் நொடிக்கு 6 மில்லிமீட்டர்தான். ஆனால் நொடிக்கு 1.9 கோடி முறைவரை ஓர் அணுவால் ஒளியை உட்கவர்ந்து உமிழ முடியும் என்பதால், இந்தச் சிறு தள்ளல்களே அதை நிறுத்தப் போதுமானவை; அணுக்களின் வேகம் குறைவதே அவை குளிர்வது.

தொடக்கத்திற்கு ரூபிடியம்-87 ஏற்றது. அதற்குத் தேவையான 780 நானோமீட்டர் ஒளியை, ஒருகாலத்தில் சிடி இயக்கிகளில் இருந்தவற்றைப் போன்ற டையோடு லேசர்களே தருகின்றன. இந்த ஒளி கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதாலேயே ஆபத்தானது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கற்றையைச் சீரமைக்கக் கூடாது.

முதலில் ரூபிடியம் ஆவி அடைத்த சிறு கண்ணாடிக் கலத்தின் உட்கவர் நிறமாலையைக் கொண்டு லேசரின் அதிர்வெண்ணை நிலைநிறுத்தி, பின் அதை அணுவின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணைவிட (அணு ஒளியை மிகுதியாக உட்கவரும் அதிர்வெண்) 12 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் குறைவாக வைக்க வேண்டும். கற்றையை எதிர்த்து வரும் அணுவுக்கு மட்டும் டாப்ளர் விளைவால் (எதிர்வரும் ஒளியின் அதிர்வெண் கூடித் தோன்றுவது) இந்தக் குறை ஈடாகிறது. அதிர்வெண் மேலே போனால் அணுக்கள் சூடேறும். பெரும்பாலான தோல்விகளுக்கு லேசரின் திறன் காரணமன்று, அதிர்வெண்ணே காரணம் என்பது என் கருத்து. அணுக்கள் அவ்வப்போது கீழ் மீநுண் நிலைக்கு (அடிநிலையின் இரு நெருங்கிய ஆற்றல் மட்டங்களில் தாழ்ந்தது) நழுவி ஒளியைக் கவராமல் நின்றுவிடும். அவற்றை மீட்க, சுமார் 6.6 கிகாஹெர்ட்ஸ் தள்ளி இரண்டாவது லேசர் வேண்டும்.

அடுத்து, வெற்றிடக் கலத்தின் நடுவில் மூன்று அச்சுகளிலும் எதிரெதிராக ஆறு கற்றைகளை, கால் அலைத் தகடுகளால் வட்டத் தளவிளைவு (ஒளியின் மின்புலம் சுழன்றபடி செல்வது) பெறச் செய்து, சந்திக்க விடவும். மின்னோட்டம் எதிரெதிராக ஓடும் இரு சுருள்கள் அணுக்களை நடுவில் பிடித்துவைக்க, சென்டிமீட்டருக்கு 10 காஸ் (காந்தப்புல அலகு) அளவில் காந்தப்புலச் சரிவைத் தர வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால், அகச்சிவப்பு வடிகட்டி நீக்கிய கேமராவில் அணுக்களின் வெண்மையான சிறு உருண்டை ஒன்று சில நொடிகளில் திரண்டு வரும். வராவிட்டால், முதலில் சுருள்களின் மின்னோட்டத் திசையை மாற்றிப் பாருங்கள்.

டாப்ளர் விளைவை மட்டும் கொண்டு எட்டக்கூடிய மிகத் தாழ்ந்த வெப்பநிலையே டாப்ளர் எல்லை; ரூபிடியத்திற்கு அது 146 மைக்ரோகெல்வின் (கெல்வினின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகெல்வின்). 1988-இல் அமெரிக்க இயற்பியலாளர் வில்லியம் பிலிப்ஸ் குழுவினர் சோடியத்தை அதற்குரிய எல்லையான 240-க்கு வெகு கீழே, சுமார் 40 மைக்ரோகெல்வினில் அளந்து வியந்தனர். அவ்வாறு கீழிறங்க, சுருள்களை அணைத்து, புவியின் அரை காஸ் அளவிலான காந்தப்புலத்தையும் ஈடுசெய்து, அதிர்வெண்ணை மேலும் தாழ்த்தி, ஒளியின் செறிவைக் குறைக்க வேண்டும். பின்னர் ஒளியை முழுதும் அணைத்து, சில மில்லிநொடி இடைவெளிகளில் படமெடுத்து அணுக்களின் மேகம் விரியும் வேகத்தை அளந்தால் வெப்பநிலை கிடைக்கும்: 10 மைக்ரோகெல்வினில் அது ஓர் அச்சில் நொடிக்கு 3 சென்டிமீட்டர்.