நடுவில் நிற்கிற பிள்ளை: வீடும் பள்ளியும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடக்கிற வகுப்பறையில் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் டீச்சர், அந்தப் பக்கம் அம்மாவோ அப்பாவோ, பக்கத்தில் 14 வயதுப் பிள்ளை ஒன்று நின்றுகொண்டிருக்கும், அதற்கு நாற்காலிகூட இருக்காது. "கவனமே இல்லைங்க" என்பார் டீச்சர். "வீட்டிலயும் அப்படித்தான் மேடம், போனை எடுத்தா கீழ வைக்கிறதே இல்ல" என்பார் அம்மா. பத்து நிமிடத்தில் பெரியவர்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள், பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். நான் அந்த மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள், ஆசிரியையாகப் பல வருடம், அம்மாவாகச் சில வருடம். இந்தத் தவறை இரண்டு பக்கத்திலும் செய்திருக்கிறேன், அதனால் இதை உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு மாணவி கணக்குப் பரீட்சையில் எப்போதும் பாதிக் கேள்வியோடு நின்றுவிடுவாள். எழுதியதெல்லாம் சரியாக இருக்கும், மீதிப் பக்கம் வெள்ளையாக இருக்கும். நான் "மெதுவாக எழுதுகிறாள்" என்றேன், வீட்டில் "அலட்சியம்" என்றார்கள், இரண்டு பருவம் இப்படியே போனது. கடைசியில் அவளை உட்காரவைத்துக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. "ஒவ்வொரு கணக்கையும் ரெண்டு தடவை போட்டுப் பார்க்கணும்னு அம்மா சொன்னாங்க டீச்சர்" என்றாள். நான் எல்லாவற்றையும் முடிக்கச் சொன்னேன், அம்மா எல்லாவற்றையும் சரிபார்க்கச் சொன்னார், அவள் அம்மா பேச்சைக் கேட்டாள். அவ்வளவுதான்! அதிலிருந்து மூன்றாவது நாற்காலியைப் போட்டு, பிள்ளையையே முதலில் பேசவிடுகிறேன். "எங்கே மாட்டிக்கொள்கிறாய்?" என்று கேட்டால் முதலில் "தெரியல" என்றுதான் பதில் வரும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் உண்மையான பதில் வரும். அந்தக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பதுதான் நமக்குக் கஷ்டம்.

பள்ளியிலிருந்து போன் வந்தாலே "என்ன பண்ணித் தொலைச்சான்?" என்று வயிறு கலங்குகிற வீடுகள் நிறைய, ஏனென்றால் பிரச்சினை முற்றிய பிறகுதான் நாங்கள் கூப்பிடுகிறோம். அமெரிக்காவில் மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், தோற்ற பாடத்தைக் கோடை விடுமுறையில் மறுபடி படித்த மாணவர்களின் வீட்டுக்கு வாரம் ஒரே ஒரு வரி அனுப்பிப் பார்த்தார்கள். 2015ல் வெளியான அந்த ஆய்வில் தேறாமல் போனவர்களின் விகிதம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், பாராட்டு வரியைவிட 'இதைச் சரிசெய்யலாம்' என்ற வரிதான் அதிகம் பலித்தது. ஆனால் அந்த வரி குறிப்பாக இருக்க வேண்டும். "கவனம் போதாது" என்று எழுதினால் வீட்டில் திட்டத்தான் முடியும். "மூன்று ஹோம்வொர்க் பாக்கி, வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்" என்று எழுதினால் அன்று மாலையே ஏதாவது செய்ய முடியும்.

மார்க் விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி கண்விழித்துச் சிவப்பு மையில் விளக்கமாகக் குறிப்பு எழுதி, மேலே 37 என்று போட்டுக் கொடுத்தால், பிள்ளை 37ஐப் பார்க்கும், பக்கத்துப் பையனுடையது எவ்வளவு என்று பார்க்கும், தாளை மடித்துப் பைக்குள் வைக்கும். நான் எழுதியதை யாரும் படிப்பதில்லை. ரூத் பட்லர் என்ற ஆராய்ச்சியாளர் 1988லேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார். குறிப்பு மட்டும் வாங்கிய மாணவர்கள் முன்னேறினார்கள், குறிப்போடு மார்க்கும் வாங்கியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பள்ளிகள் மார்க்கை ஒழித்துவிட முடியாது, சரி. குறிப்பை முதலில் கொடுத்துத் திருத்தச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்து மார்க்கைச் சொல்லலாமே? வீட்டிலும் "எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால் "எந்தக் கேள்வி காலை வாரிவிட்டது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், மணிக்கணக்கில் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் படிப்பு என்று எண்ணுவது. "நேத்து பூரா படிச்சேன், பரீட்சைல ஒண்ணும் வரல" என்று பிள்ளை சொல்வது பெரும்பாலும் பொய் இல்லை. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ், வாசித்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அந்தத் 'தெரிந்த மாதிரி'தான் ஏமாற்றுகிறது. ஆக, வீட்டில் பாடம் தெரியாத அப்பாவும் உதவலாம். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "ஞாபகம் இருக்கிறதை எழுது" என்றால் போதும். இரண்டு நாள் கழித்து மறுபடி ஒரு தடவை. மூன்று மணி நேரம் காவல் காப்பதைவிட இது இரண்டு பேருக்கும் நிம்மதி.

தூக்கத்தில் நாம் செய்கிற தவறு இதையெல்லாம்விடப் பெரியது. பருவ வயதில் உடம்புக் கடிகாரமே தள்ளிப்போகிறது, தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சிறு வயதில் சுரந்ததைவிட ராத்திரி தாமதமாகச் சுரக்கிறது. பத்து மணிக்குப் படுத்தும் தூக்கம் வராத பிள்ளை நடிக்கவில்லை, காலையில் எழ முடியாதது சோம்பேறித்தனமும் இல்லை. 13 முதல் 18 வயது வரை 8லிருந்து 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. 2014ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்றது, 2022 முதல் கலிபோர்னியாவில் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டமாகவே இருக்கிறது. உங்கள் பள்ளி நேரத்தை நீங்கள் மாற்ற முடியாது, ஆனால் விடியற்காலையில் எழுப்பிப் படிக்கவைப்பதை நிறுத்தலாம். ஆசிரியர்களுக்கும் ஒன்று: ஆன்லைனில் ஹோம்வொர்க் அனுப்பக் கடைசி நேரம் இரவு 11.59 என்று வைத்துவிட்டு, மறுநாள் முதல் பீரியடில் தூங்கி வழிகிறான் என்று புகார் சொல்லாதீர்கள். மாலை 7 மணி என்று வையுங்கள், வானம் இடிந்து விழாது. போனைத் தண்டனையாகப் பிடுங்குவதைவிட, வீட்டில் இருக்கிற எல்லாப் போனும், அப்பா போன் உட்பட, ராத்திரி கூடத்தில் சார்ஜில் கிடப்பது நல்லது. மார்க் குறைந்ததற்காக விளையாட்டை நிறுத்துவதும் இதே ரகம்தான். இந்த வயதுக்குச் சராசரியாகத் தினம் 60 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம், நாமோ முதலில் வெட்டுவதே அதைத்தான்.

"இந்த வயசுல உனக்கென்ன கவலை?" என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மனநலப் பிரச்சினைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று அதே உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் மாறிக் கிடப்பது, நண்பர்களை விட்டு விலகுவது, பள்ளி நாளில் மட்டும் காலையில் வயிறு வலிப்பது, இதையெல்லாம் வீடும் வகுப்பாசிரியரும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு 'வயசுக் கோளாறு' என்று சும்மா இருந்துவிடுகிறோம். ஒரு போன் பேசினால் இரண்டு பாதியும் சேர்ந்துவிடும். சாக வேண்டும் என்ற பேச்சு காதில் விழுந்தால் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, பல பிள்ளைகளுக்கு அது பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். கேட்டுவிட்டுத் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். ஆசிரியர்கள் செய்கிற இரண்டு தவறு: "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது, பிறகு ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சொல்வது. "உன் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று முதலிலேயே பேசிக்கொண்டால் பிள்ளை அதை ஏற்றுக்கொள்ளும்.

அக்காவோடு ஒப்பிடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்கிறோம், அதை விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, பிள்ளையின் மார்க்கைப் பெற்றோர் போனில் காட்டுகிற அந்தப் பள்ளிச் செயலி. பிள்ளை வீட்டுக்கு வந்து பையை இறக்குவதற்குள் "அறிவியலில் ஏன் குறைஞ்சுது?" என்று கேட்பவளாக நான் இருந்தேன். சில நாள் அவனுக்கே மார்க் தெரிவதற்கு முன் எனக்குத் தெரிந்திருக்கும். நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் அவன் வாயால் சொல்கிற வாய்ப்பையே பறித்துவிட்டேன், அப்புறம் 'எதுவும் சொல்ல மாட்டேங்கிறான்' என்று புலம்பல் வேறு. இப்போது வெள்ளிக்கிழமை மாலை மட்டும், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவன்தான் திறந்து காட்டுவான் என்று பேசி வைத்திருக்கிறோம். முதல் வாரம் கை துறுதுறுவென்றது. புதன்கிழமை ஒரு தடவை பார்த்தும்விட்டேன், அவனிடம் இன்னும் சொல்லவில்லை.