ஏர்கானுக்கு அடியில் ஒரு லிப்ஸ்டிக் பனை

நம் பூமலையின், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின், சின்னத்தில் இருப்பது லிப்ஸ்டிக் பனைதான். இலைத்தண்டு அப்படியொரு சிவப்பு. அந்த ஆசையில் ஒன்றை வாங்கி வந்து, ஏர்கானுக்கு நேர் கீழே வைத்தேன். அங்கேதான் தப்பு.

மூன்றே வாரத்தில் இலை நுனிகள் கருகின. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன். பலனில்லை, இலைகள் தூசி படிந்ததுபோல் வெளிறின. ஒருநாள் இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினேன். மிளகுத்தூள் மாதிரி விழுந்த புள்ளிகள் மெல்ல நகர ஆரம்பித்தன! சிலந்திப்பேன், இலைச்சாற்றை உறிஞ்சும் பொடி உயிரி. வறண்ட காற்று என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

தொட்டியோடு குளியலறைக்குத் தூக்கிப்போய், இலைகளின் அடிப்பக்கத்தை ஷவரில் கழுவினேன். முட்டைகள் பிறகு பொரிக்கும், அதனால் ஒரு தடவை போதாது. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரம் இதே வேலை. முதுகு பிடித்துக்கொண்டது வேறு கதை.

அப்புறம் இடத்தை மாற்றினேன்: ஏர்கான் எட்டாத, வெளிச்சமான ஜன்னலோரம். இது சதுப்பு நிலத்துப் பனை, மண் காயவே கூடாது. தட்டில் தண்ணீர் நின்றால் அதற்குப் பிடிக்கும்தான், ஆனால் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் அபராதம் நமக்கல்லவா? அதனால் தினமும் ஊற்றி, தட்டில் வடிந்ததை உடனே கொட்டிவிடுகிறேன்.

கருகிய இலை மறுபடி பச்சையாகாது, வெட்டிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து நடுவிலிருந்து ஈட்டிபோல ஒரு குருத்து. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) ஜன்னல் வழியாகப் பார்த்து, "சந்தேக்!" என்றார், அழகு என்று.