செயற்கைக்கோள் கோடுகளைப் பிடிக்க, முதலில் நட்சத்திரங்களை நீக்குங்கள்

இரவு வானப் படத்தில் செயற்கைக்கோள் விட்டுச்செல்லும் கோட்டை அழிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், பல ஃப்ரேம்களை அடுக்கி ஒரே படமாக்கும்போது (ஸ்டாக்கிங்) மற்றவற்றோடு ஒத்துப்போகாத பிக்சல்களை ஒதுக்கும் சிக்மா கிளிப்பிங் போதும், அதுவே துடைத்துவிடும். எனக்கு அது போதவில்லை. 2019 மே மாதத்தில் ஸ்பேஸ்எக்ஸின் இணையச் சேவைக்கான முதல் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஒன்றாக ஏவப்பட்ட பிறகு நம் படங்களில் என்ன மாறிவருகிறது என்பதற்கு அந்தக் கோடுகள்தான் சாட்சி. அழிப்பதற்கு முன் பதிவு செய்யுங்கள் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன்.

நேர்கோடு தேட, ஒரே வரிசையில் அமையும் புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் ஹஃப் டிரான்ஸ்ஃபார்ம் என்ற கணக்கீட்டு முறை இருக்கிறது. பைத்தானில் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பு வழியாகக் கிடைக்கும். ஆனால் படத்தை அப்படியே கொடுத்தால் இல்லாத கோடுகளையெல்லாம் காட்டும். நட்சத்திரங்கள் நெருக்கமாக இருக்கும் பகுதியில் எங்கோ சில புள்ளிகள் ஒரே வரிசையில் அமைந்துவிடும். ஆகவே பாதி வேலைக்கு மேல் நட்சத்திரங்களை நீக்குவதில்தான் போகிறது.

ஒரே எக்ஸ்போஷரில் அடுத்தடுத்து எடுத்த ஃப்ரேம்களைச் சிரில் போன்ற மென்பொருளில் ஒன்றோடொன்று பொருத்துங்கள். ஐந்தாறு ஃப்ரேம்களில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மீடியனை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமிலிருந்தும் கழியுங்கள். எல்லாவற்றிலும் உள்ள நட்சத்திரம் மறையும், ஒன்றில் மட்டும் உள்ள கோடு தங்கும். பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி மிஞ்சும் வளையங்களுக்கு மாஸ்க் போட்டு மூடுங்கள். நியூட்டோனியன் தொலைநோக்கி என்றால், உள்ளே கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளால் அந்த நட்சத்திரங்களிலிருந்து நீளும் கூர்முனைகளையும் சேர்த்து மூடுங்கள். ஹஃப் அவற்றைத்தான் முதலில் பிடிக்கும். இதற்கெல்லாம் கேமராவின் ரா கோப்போ, வானியலில் பயன்படும் ஃபிட்ஸ் கோப்போ வேண்டும். ஜேபெக்கில் மங்கலான கோடு கரைந்துபோகும்.

அடுத்து த்ரெஷோல்ட், அதாவது எவ்வளவு பிரகாசத்துக்கு மேல் கணக்கில் எடுப்பது என்ற எல்லை. அதற்கு ஸ்டாண்டர்ட் டீவியேஷனை (திட்ட விலக்கத்தை) நம்பாதீர்கள், தேடுகிற கோடே அதை ஏற்றிவிடும். கழித்துக் கிடைத்த படத்தின் மீடியனிலிருந்து அதன் ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகல்களின் மீடியனை 1.4826 ஆல் பெருக்குங்கள். வருவதுதான் சிக்மா, அதாவது பின்னணி இரைச்சலின் அளவு. மீடியனுக்கு மேல் மூன்று சிக்மாவைத் தாண்டியவை வெள்ளை, மற்றவை கறுப்பு.

இப்போது ஹஃப். பல உதாரண நிரல்களில் கோணப் படி (எத்தனை டிகிரிக்கு ஒரு கோணம் சோதிப்பது என்பது) 1 டிகிரி என்றிருக்கும். 6000 பிக்சல் அகலப் படத்தில் அரை டிகிரி பிசகினாலே நடுவிலிருந்து ஓரத்துக்குப் போவதற்குள் கோடு சுமார் 26 பிக்சல் விலகிவிடும். 0.1 டிகிரி வையுங்கள். மெதுவாக ஓடும், பரவாயில்லை. குறைந்தபட்ச நீளத்தைத் தாராளமாக வைத்து, ஒரே கோணத்தில் அருகருகே வரும் துண்டுகளை ஒன்றாக்குங்கள்.

கிடைத்ததெல்லாம் செயற்கைக்கோள் அல்ல. விமானம் என்றால் மினுக்கும் விளக்குப் புள்ளிகள் இருக்கும். எரிகல் பெரும்பாலும் ஒரே ஃப்ரேமில் மெல்லியதாகத் தொடங்கி, பருத்து, ஒடுங்கும். செயற்கைக்கோளோ, வானின் அகலமான பகுதியை எடுத்திருந்தால், அடுத்த ஃப்ரேமில் சிறு இடைவெளி விட்டு அதே திசையில் தொடரும். நான் அதிகம் நம்புவது இந்தச் சோதனையைத்தான்.

செயற்கைக்கோளின் பெயர் வேண்டுமானால் செலஸ்டிராக் இணையதளத்தில் படம் எடுத்த நாளின் சுற்றுப்பாதைத் தரவை இறக்கி, ஸ்கைஃபீல்ட் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். தரவு பழையதானால் இடம் தவறும். கேமரா கடிகாரத்தையும் படம் எடுக்கும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்: தாழ்பாதைச் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் போகிறது.