கூழ் ஆலைக் கழிவுநீர்: மெம்பிரேன் அடைப்பு எப்படித் தீர்ந்தது

ஜூன் வந்தால் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் வாசலில் பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசை கட்டும். நான் பார்த்துக்கொள்ளும் ஆலையில் கழிவுநீரைச் சுத்திகரிக்க எம்.பி.ஆர். (மெம்பிரேன் பயோரியாக்டர்) முறை. காற்றூட்டும் தொட்டியில் பாக்டீரியா கழிவைத் தின்னும். அதில் மூழ்கியிருக்கும் மெம்பிரேன், அதாவது நுண்துளைச் சவ்வு, தெளிந்த நீரை மட்டும் இழுக்கும்.

சீசன் சூடுபிடித்ததும் உறிஞ்சும் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) விட்டுக் கழுவினால் இறங்கும், மறுபடி ஏறும். “மெம்பிரேன் போயிருச்சுங்க சார், புதுசு மாத்திரலாம்” என்றார் ஆபரேட்டர். கழுவினால் இறங்குகிறதே, அப்புறம் எப்படிப் போயிருக்கும்? தொட்டியில் இருக்கும் பாக்டீரியாச் சேற்றைக் கொஞ்சம் எடுத்து வடிதாளில் ஊற்றிப் பார்த்தேன். வெண்டைக்காய் வழவழப்பு, தண்ணீர் இறங்கவே இல்லை.

மாம்பழக் கழிவில் சர்க்கரை ஏராளம், நைட்ரஜனும் பாஸ்பரஸும் சொற்பம். பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 100 பங்குக்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 வேண்டும். இல்லாவிட்டால் பாக்டீரியா ஒழுங்காகப் பெருகாமல், தின்ற சர்க்கரையைப் பிசினாக வெளியே தள்ளும். அந்தப் பிசின்தான் துளைகளை அடைத்தது.

உரக்கடை யூரியாவும் பாஸ்பரஸுக்கு டி.ஏ.பி.யும் கரைத்து, கழிவுநீர் முதலில் சேர்ந்து கலக்கும் சமன்செய் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விட்டோம். யூரியாவில் 46% நைட்ரஜன், கணக்குப் போடுவது சுலபம். வெளிவரும் நீரில் அம்மோனியா லேசாகத் தென்பட்டால் போதும், அதற்குமேல் ஊற்றுவது வீண். சேறு மெல்ல இளகியது, அழுத்தம் ஏறுவதும் நின்றது. கழிவுநீரின் புளிப்பை (அமிலத்தன்மையை) முறிக்கச் சுண்ணாம்பு மலிவுதான். ஆனால் கால்சியம் மெம்பிரேனில் படியும் என்பதால் நான் காஸ்டிக் சோடாதான் போடுகிறேன். நார் வராமல் முன்னால் 1 மி.மீ. சல்லடையும் வைத்தாயிற்று.