பேய்க் காட்சியைக் கெடுக்கும் தவறுகள்: ஒரு எடிட்டரின் புலம்பல்

குறும்படம், பைலட் ஃபிலிம் (தயாரிப்பாளருக்குக் காட்ட எடுக்கும் மாதிரிப் படம்) என்று எடிட்டுக்கு வருகிறவற்றில் பேய்க் கதைகளுக்குக் குறைவே இல்லை. காரணம் எளிது. ஒரு பழைய வீடு, மூன்று நடிகர்கள், ஒரு ராத்திரி போதும். பாட்டு வேண்டாம், சண்டை வேண்டாம். ஆனால் ரஷ், அதாவது வெட்டாத ஷாட்களை, பார்க்க உட்கார்ந்தால் ஒவ்வொரு முறையும் அதே தவறுகள். நான் அசிஸ்டெண்டாக இருந்த காலத்தில் நாங்களும் இவற்றைக் குறைவில்லாமல் செய்தோம் என்பதால், பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடுகிறது.

வெள்ளைப் புடவை, விரித்த தலைமுடி, புகை மெஷின், தானாக ஆடும் ஊஞ்சல் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை அலுத்துப்போனவை என்று எடுப்பவர்களுக்கே தெரியும். தெரியாமல் செய்பவை வேறு.

எல்லாவற்றையும் மறைத்து வைப்பது

மேஜைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்கு முன்பே தெரிந்தால் 15 நிமிடம் பதற்றம், தெரியாவிட்டால் 15 நொடி அதிர்ச்சி. சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்ன இந்த உதாரணத்தை எந்த இளம் இயக்குநரைக் கேட்டாலும் ஒப்பிப்பார். அவருடைய ஸ்கிரிப்டைத் திறந்தால் பேய் எங்கே இருக்கிறது, வீட்டில் எத்தனை அறை, எந்தக் கதவைத் திறக்கக் கூடாது, எதுவுமே நமக்குத் தெரியாது. எல்லாம் கடைசி ட்விஸ்டுக்காகப் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும். எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாதவர் குழம்பிப்போய் செல்போனை எடுத்துவிடுவார். மாடி அறையின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருக்கிறது என்று பகல் காட்சியிலேயே காட்டிவிடுங்கள். அப்புறம் ராத்திரி கதாநாயகி அந்த அறைக்குள் கால் வைத்தாலே போதும், மற்றதைப் பார்வையாளர் பார்த்துக்கொள்வார்.

‘கட்’ சொல்லும் அவசரம்

இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. மற்ற தவறுகளை எடிட்டில் எப்படியாவது ஒட்டுப்போட்டுவிடலாம். இதற்கு ஒட்டு கிடையாது.

கொஞ்ச நாள் முன்பு ஒரு பைலட் வந்தது. நள்ளிரவில் ஒரு பெண் படுக்கையிலிருந்து எழுந்து, கூடத்தைத் தாண்டிப் போய், ஸ்டோர் ரூம் கதவைத் திறக்கிறாள். நடிப்பு நன்றாக இருந்தது, லைட்டிங்கும் மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு ஷாட்டிலும் ‘ஆக்‌ஷன்’ என்ற குரல் கேட்ட மறுநொடி அவள் நடக்க ஆரம்பிக்கிறாள். அவள் தோள் ஃபிரேமைவிட்டு மறைவதற்குள் ‘கட்’. அவள் வருவதற்கு முன் கூடம் எப்படி இருந்தது? இல்லை. அவள் போன பிறகு? இல்லை. மூடிய கதவு மட்டும்? அதுவும் இல்லை.

எனக்கு வேண்டியிருந்தது மூடிய கதவின் மேல் நான்கு நொடி. இருந்ததோ அரை நொடி. ஒரு ஃபிரேமை ஃப்ரீஸ் செய்து நீட்டிப் பார்த்தேன். படத்தில் எப்போதும் மினுங்கும் கிரெயின் புள்ளிகள் அசையாமல் நின்று, அது ஸ்டில் என்று காட்டிக்கொடுத்துவிட்டது. ஸ்லோ மோஷனில் இழுத்தால் ஓரத்தில் தெரிந்த மின்விசிறி திணறித் திணறிச் சுற்றியது. பக்கத்தில் இருந்த இயக்குநர் தம்பி, “ஆர்.ஆர்.ல பாத்துக்கலாம்ணா” என்றார். ஆர்.ஆர். என்றால் ரீ-ரெக்கார்டிங், பின்னணி இசை சேர்க்கும் வேலை. இல்லாத ஷாட்டுக்கு அதில் என்ன பார்ப்பது?

கடைசியில் பேட்ச் ஒர்க், அதாவது விட்டுப்போன ஷாட்டை மட்டும் திரும்ப எடுப்பது, என்று முடிவானது. திரும்பிப் போனால் வீட்டுக்காரர் கூடத்துக்குப் புது பெயிண்ட் அடித்திருக்கிறார். அவரைக் கெஞ்சி ஒரு சுவரை மட்டும் பழைய நிறத்துக்கு மாற்றி, கேமரா வாடகை, லைட் வாடகை, லைட்மேன் பேட்டா எல்லாம் கொடுத்து, ஆளே இல்லாத ஒரு கதவைப் படம் பிடித்துவந்தார்கள். முதல் தடவையே கேமராவை இன்னும் பத்து நொடி ஓடவிட்டிருந்தால் இந்தக் காசு மிச்சம். அதே இயக்குநர் அடுத்த குறும்படத்திலும் இதையே செய்தார் என்பது தனி வயிற்றெரிச்சல்.

ஃபிரேமில் ஒன்றும் நடக்காதபோது பார்வையாளரின் கண் சும்மா இருக்காது. கதவிடுக்கு, ஜன்னல், கட்டிலுக்கு அடி என்று மேயத் தொடங்கும். ஏதாவது தட்டுப்பட்டுவிடுமோ என்ற அந்தத் தேடலுக்கு நேரம் வேண்டும். நேரம் கொடுக்க எடிட்டரிடம் ஃபுட்டேஜ் வேண்டும்.

1990-இல் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட் 3’ படத்தில் ஒரு மருத்துவமனைக் காட்சி உண்டு. வில்லியம் பீட்டர் பிளாட்டி இயக்கியது. ராத்திரி நேரம், நீண்ட நடைபாதை, அதன் கோடியில் அசையாமல் நிற்கும் கேமரா. தூரத்தில் ஒரு நர்ஸ் வேலை பார்க்கிறாள், ஏதோ சத்தம் கேட்டு எழுந்து போகிறாள், திரும்பி வருகிறாள். நடுவில் ஒரு பொய்யான அதிர்ச்சி வந்துபோகிறது. சரி, முடிந்தது என்று நாம் தளர்ந்துவிடுகிறோம். கேமரா மறுபடி அதே இடத்தில் நிற்கிறது. காவலுக்கு இருந்தவரும் நகர்ந்துவிடுகிறார். பெரிதாக ஒன்றும் நடக்காமலே நிமிடங்கள் ஓடுகின்றன. அதற்குள் அந்த நடைபாதையின் ஒவ்வொரு கதவும் நமக்கு மனப்பாடம். அப்போது அவள் ஒரு அறைக் கதவைச் சாத்திவிட்டு நடக்க, பின்னாலேயே வெள்ளைத் துணி போர்த்திய உருவம் கையில் பெரிய கத்தரியோடு வெளியே வருகிறது. கூடவே ஒரு வேகமான ஜூம். அடுத்த நொடி கட். வெட்டு விழுவதைக் காட்டவே இல்லை. இதை க்ளோசப் க்ளோசப்பாக உடைத்து எடுத்திருந்தால் இன்றைக்கு யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

ஸ்பாட்டில் செய்ய வேண்டியது கஷ்டமே இல்லை. கேமரா ஓடத் தொடங்கியபின் பத்து எண்ணிவிட்டு ‘ஆக்‌ஷன்’ சொல்லுங்கள். நடிகர் ஃபிரேமைவிட்டுப் போனபின் இன்னொரு பத்து எண்ணிவிட்டு ‘கட்’. ஒவ்வொரு அறையிலும், ஆள் இருந்த அதே கோணத்தில், லென்ஸ், லைட் எதையும் மாற்றாமல், ஆள் இல்லாமல் ஒரு நிமிடம் எடுங்கள். படத்தின் தொடக்கத்தில் பகலில் காட்டிய கோணம் ஏதாவது இருந்தால் அதே இடத்தில் ட்ரைபாடை வைத்து ராத்திரியும் எடுங்கள். முன்பு பார்த்த இடம் என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் எதாவது மாறியிருக்கிறதா என்று அது தேடும். அப்புறம், ஆளை ஃபிரேமின் நடுவில் நிறுத்தாதீர்கள். ஒரு பக்கம் தள்ளி நிறுத்திவிட்டு மறுபக்கம் இருட்டான வாசலைக் காலியாக விடுங்கள். அந்த வாசலில் கடைசிவரை யாரும் வராவிட்டாலும் பரவாயில்லை.

ரியாக்‌ஷனிலும் இதே அவசரம்தான். கதவு திறந்ததும் உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டு, பிறகு பயந்த முகத்தைக் காட்டுவார்கள். முகத்தை முதலில் காட்டி, அங்கேயே நில்லுங்கள். அவள் எதைப் பார்த்தாள் என்ற கேள்வி எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம் தாங்கட்டும்.

ஆர்.ஆர். காப்பாற்றும் என்ற நம்பிக்கை

முதல் ஃபிரேமிலிருந்தே அடித்தொண்டையில் ஒரே சுருதியில் நீளமாக உறுமும் ஒரு ட்ரோன் சத்தத்தைப் போட்டுவிடுகிறார்கள். அரை நிமிடத்தில் காது அதற்குப் பழகிவிடும். அதற்குப் பிறகு பேயே வந்தாலும் சத்தத்தை இன்னும் கூட்டுவதைத் தவிர வழியில்லை.

இசை வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதையும் மீறி வயலின்களை அலறவிட்டார், கேட்டதும் ஹிட்ச்காக் மனதை மாற்றிக்கொண்டார். இயக்குநர் ஜான் கார்பென்டர் தன் ‘ஹாலோவீன்’ படத்தை இசை சேர்க்காமல் ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக்காட்டியபோது, அவருக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. பிறகு கார்பென்டரே இசையமைத்தார்.

இசை எங்கே வராது என்பதை முடிவுசெய்வதில்தான் சாமர்த்தியம். ‘ஜாஸ்’ படத்தில் அந்த இரண்டு ஸ்வரம் கேட்டால் சுறா இருக்கிறது என்று பொருள். இரண்டு பையன்கள் அட்டையில் செய்த சுறாத் துடுப்பை வைத்துக் கடற்கரையையே அலறவைக்கும் இடத்தில் அந்த இசை கிடையாது. அப்படி ஒழுங்காக வாக்குக் காப்பாற்றியதால்தான், பின்னால் இசையே இல்லாமல் சுறா தலையைத் தூக்கும்போது நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. ‘தி ஷைனிங்’ படத்தில் பையன் மூன்று சக்கர வண்டி ஓட்டும் இடத்தைக் கவனியுங்கள். மரத்தரையில் கடகட சத்தம், கம்பளத்தில் ஏறியதும் அமைதி, மறுபடி கடகட. அந்த ஏற்ற இறக்கமே வயிற்றைப் பிசையும்.

லொகேஷனைவிட்டுக் கிளம்பும் முன் எல்லோரையும் வாய்மூடி நிற்கச்சொல்லி ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் சத்தத்தை, பதிவுசெய்யுங்கள். அது இல்லாவிட்டால் மௌனம் வேண்டிய இடத்தில் எனக்குக் கிடைப்பது சத்தமே அறுந்துபோன ஓட்டை.

கிம்பல்

கேமராவை ஆடாமல் தூக்கிக்கொண்டு நடக்க உதவும் கருவி இது. இதற்குப் பதில் ட்ரைபாட் எடுத்துப்போங்கள்.

பூனையைத் தாவவிடுவது

பதற்றத்தை ஏற்றி, கடைசியில் ‘ச்சே, பூனையா’ என்று இறக்கும் வழக்கத்துக்கு மூதாதை 1942-இல் வந்த ‘கேட் பீப்பிள்’. தயாரிப்பாளர் வால் லூட்டன், இயக்குநர் ஜாக் தூர்னர். ஒரு பெண் ராத்திரியில் பூங்காச் சுவரோரமாக நடக்கிறாள், சிறுத்தையாக மாறுவாளோ என்று நாம் சந்தேகிக்கும் இன்னொருத்தி பின்தொடர்கிறாள். இசை இல்லை. இரண்டு ஜோடிக் குதிகால் செருப்புகளின் சத்தம் மட்டும். தெருவிளக்குக்கு விளக்கு வெளிச்சம், நடுவில் இருட்டு. திடீரென்று ஒரு ஜோடிச் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், ஒன்றும் இல்லை, ஓடத் தொடங்குகிறாள். சீறலோடு ஒன்று ஃபிரேமுக்குள் பாய்கிறது. பார்த்தால் பேருந்து! எடிட்டர் மார்க் ராப்சன் அதன் பிரேக் சத்தத்தைச் சிறுத்தையின் உறுமலாக நம்மை நம்பவைத்துவிட்டார்.

இது வேலைசெய்ததற்குக் காரணம் பேருந்துக்கு முன்னால் வந்த நடை. நம் ஆட்கள் நடையை விட்டுவிட்டுப் பேருந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் பத்து நிமிடக் குறும்படத்தில் மூன்று தடவை. ஒரு படத்துக்கு ஒன்று போதும்.

ஒன்றுமே தெரியாத இருட்டு

இருட்டு பயமுறுத்த வேண்டுமானால் அதன் ஓரத்தில் ஏதாவது தெரிய வேண்டும். 2012-இல் வந்த ‘பீட்சா’வில் விஜய் சேதுபதி டார்ச்சோடு பங்களாவுக்குள் அலையும் பகுதியைப் பாருங்கள். வெளிச்ச வட்டம் ஒரு இடத்தில் இருக்கும்போது நம் மனசு மற்ற இடங்களில் இருக்கும். முழு ஃபிரேமும் கறுப்பாக இருந்தால் லைட்டுக்குக் காசில்லை என்றுதான் புரியும். எடிட்டுக்குப் பிறகு நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் டி.ஐ.யில் ஏற்றிக்கொள்ளலாம் என்பார்கள். ஏற்றினால் வருவது புள்ளி புள்ளியான நாய்ஸ்.

பேயை நிறுத்தி நிதானமாகக் காட்டுவது

மேக்கப்புக்குச் செலவழித்துவிட்டோமே என்பதற்காக ஷாட்டை நீட்டாதீர்கள்.

ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம் என்ற கணக்கு

முடியாது. முடிக்கத்தான் வேண்டும் என்றால், பட்டியலில் கடைசியில் இருக்கும் காலி ஷாட்கள்தான் முதலில் அடிபடும். நடிகர்கள் மேக்கப்பில் இருக்கும் நேரத்திலேயே அவற்றை எடுத்துவிடுங்கள். விடிகாலை நாலு மணிக்கு மூடிய கதவை ஒரு நிமிடம் படம் பிடிக்க வேண்டும் என்று கேட்டால், கேமராமேன் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். லைட்மேன்கள் அதற்குள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருப்பார்கள்.