கொல்லிமலையில் இறங்கும்போது பிரேக்கைத் தேய்க்காதீர்கள்

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் தடவை காரில் இறங்கியபோது பாதி வழியிலேயே ஏதோ கருகும் நாற்றம். கிளட்ச் என்று நினைத்தேன், பிரேக் பேட். பெடலும் பஞ்சு மாதிரி அமுங்கியது. வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிரேக் பேட் பிடிக்கும் இரும்புத் தட்டான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றப் போன என்னை மனைவிதான் தடுத்தாள். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிப்போகும், விரிசலும் விடலாம்.

இப்போது ஏறிய கியரிலேயே இறங்குகிறேன். பெரும்பாலும் இரண்டாவது, வளைவு மோசமாக இருந்தால் முதலாவது. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வேகம் கூடினால் அழுத்தமாக ஒரு மிதி, உடனே விட்டுவிட வேண்டும். பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு வருவதுதான் வினை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதா? வேண்டவே வேண்டாம். இன்றைய வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜினே பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும்.

அப்புறம் பிரேக் ஆயில், பெடலில் மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சுதான். என் வண்டியில் நாலு வருஷமாக மாற்றவே இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். நாமாகக் கேட்டால்தான் நடக்கும்.